காய மறந்த ஏரி

வடசென்னை நீர்க்கதை – 9

சென்ற இதழில் புழல் ஏரி நகரத்தின் குடிநீர்த் தேக்கமான வரலாற்றைப் பார்த்தோம். 1872இல் செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குக் கால்வாய் வழியாகத் தண்ணீர் போனது. 1876இல் கரை உயர்த்தப்பட்டது. இன்று புழலின் கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி. நகரத்தைப் பொறுத்தவரை கதை அங்கே முடிந்துவிடுகிறது. புழலின் கலங்கலுக்குக் கீழே இருக்கும் ஊர்களுக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் புழலின் நீர்மட்டம் 21.20 அடியை நெருங்கும்போது உபரிநீரைத் திறந்துவிடுவார்கள். அப்போது வரும் வெள்ள எச்சரிக்கையில் நாரவாரிக்குப்பம், கிராண்ட்லைன், வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும். மேற்கிலிருந்து கிழக்காக அந்தப் பெயர்களைத் தொட்டுக்கொண்டே போனால் உபரிநீர்க் கால்வாயின் முழு ஓட்டமும் கிடைத்துவிடும். அது கொசஸ்தலை ஆற்றில் விழுந்து எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. இந்த வழித்தடத்தின் நடுவில், மாதவரத்துக்கும் மணலிக்கும் இடையில் இருக்கிறது மாத்தூர். அதற்கும் ஓர் ஏரி உண்டு. பாடப்புத்தகத்தில் இடம்பெறும் அளவுக்குப் பெரிய ஏரி இல்லை. தமிழ்நாட்டில் கணக்கில் இருக்கும் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகளில் அதுவும் ஒன்று. ஆனால் வடசென்னையின் ஏரிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள மாத்தூரில் நின்று பார்ப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். மேலே நகரம் தண்ணீரை எடுத்தது. கிழக்கே ஆலைகள் நிலத்தடி நீரை எடுத்தன. ஊருக்குள்ளே வயல்கள் மனைகளாயின. மூன்றும் இந்த ஒரே இடத்தில் சந்தித்தன.

முதலில் பழைய ஏற்பாட்டைப் பார்த்துவிடுவோம். தொண்டைமண்டலத்தில் வற்றாத ஆறு கிடையாது. பாலாறும் கொசஸ்தலையும் ஆரணியும் மழைக்காலத்தில் ஓடி மற்ற மாதங்களில் மணலாகக் கிடப்பவை. எனவே, ஓடும் சில வாரங்களில் வரும் நீரைப் பிடித்துவைப்பதே இங்கு வேளாண்மைக்கு வழி. சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரை. மேலே இருந்து வரத்துக் கால்வாய். நிரம்பினால் வழிந்தோடக் கலங்கல். அங்கே வழியும் நீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் முதல்.

வயலுக்கு நீர் திறக்கும் பழைய மதகைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்கு அதன் நுட்பம் தெரியும். ஏரிக்குள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களில் துளை இருக்கும். அந்தத் துளைகளின் வழியே ஒரு மரத்தடி இறங்கும். தடியின் கீழ்முனையில் கூம்பு வடிவ அடைப்பு. அது ஏரியின் தரையில் இருக்கும் கல்தொட்டியின் வாயை மூடியிருக்கும். ஏரிநீரைத் திறந்துவிடும் ஊர்ப் பணியாளரான நீர்கட்டி தடியைத் தூக்கி, அதிலிருக்கும் ஓட்டையில் ஆப்பைச் செருகினால் அவர் வைத்த அளவுக்கு வாய் திறக்கும். எந்த ஓட்டையில் ஆப்பு இருக்கிறது என்பதைக் கரையில் நின்றே எவரும் பார்க்கலாம். இன்று எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது ஊருக்கே தெரியும்.

இந்த வேலையையெல்லாம் யார் நடத்தினார்கள், கூலி எங்கிருந்து வந்தது? முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரிவாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. அது பெரும் பிராமண ஊர். மாத்தூர் போன்ற சாதாரண ஊர்களின் நிலவரம் தெரிய எட்டு நூற்றாண்டு தாண்டி வரவேண்டும். ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த பிறகு, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை அங்கே அளவெடுத்தார். ஏறத்தாழ 2,000 ஊர்கள். நிலம், வீடு, விளைச்சல், அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. களத்தில் நெல்லைக் குவித்ததும், அரசுக்கு அளப்பதற்கு முன்பே, கோயிலுக்கும் கணக்கருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் ஒதுக்குவதைப் போல ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. ஏரி ஒரு வருமானக்காரராக, ஊரில் ஓர் ஆளாகவே நடத்தப்பட்டது. இந்த ஒரு செய்திக்காகவே பர்னார்டின் கணக்கை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கம்பெனியின் வரி ஏற்பாட்டில் இந்தப் பங்குகள் தேய்ந்தன. வரியைக் காசாக, கூடுதலாக வாங்கிக்கொண்ட அரசு, ஏரிக்கான செலவைப் பொதுப்பணித்துறையின் பெயரில் எழுதிவைத்தது. செலவழிக்கக் கை வராதபோது 1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. ஊரார் தாங்களே முறைவைத்துச் செய்துவந்த குடிமராமத்து, செய்யாவிட்டால் அபராதம் என்று மாறியது. ஏரியின் வருமானத்தைப் பிடுங்கிக்கொண்டு உழைப்பை மட்டும் ஊரிடம் கேட்ட சட்டம் அது.

இருந்தாலும் ஏரிகள் உடனே சாகவில்லை. காரணம், கரைக்குக் கீழே வயல் இருந்தது. வயல்காரருக்கு ஏரி தேவைப்பட்டது. அதைவிட முக்கியமாக, ஏரியின் சேறும் தேவைப்பட்டது. தை, மாசியில் அறுவடை முடியும். பங்குனியில் ஏரி அடிமட்டத்துக்கு வந்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் தரை பாளம் பாளமாக வெடிக்கும். அப்போது மாட்டு வண்டிகள் ஏரிக்குள் இறங்கும். வண்டல் மண் வெட்டி வயலுக்குப் போகும். வயலுக்கு அது எரு. ஏரிக்கு அது ஆழம். ஆண்டுக்கு ஒருமுறை ஏரி காய்வது குறையாகக் கருதப்படவில்லை. அது ஏரியின் ஆண்டுச் சுற்றில் ஒரு பருவம். வெயிலும் காற்றும் படும்போது சேற்றில் இருக்கும் அழுகல் எரிந்து தீரும். கொசுப்புழுவும் வேண்டாத மீனும் மிஞ்சாது. அடுத்த மழைக்கு ஏரி புதுத்தரையோடு காத்திருக்கும். இந்தப் பருவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்தூர்ப் பக்கத்து ஏரிகள் இழந்தவற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

இனி ஆலைகள். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் உருவாகி, 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு தொடங்கியது. இன்றைய சி.பி.சி.எல். அதுதான். 1971இல் மெட்ராஸ் உர ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பின்னால் பெட்ரோ ரசாயன ஆலைகள் வரிசையாக வந்தன. இவற்றுக்கு நாள் தவறாமல், பருவம் பார்க்காமல் தண்ணீர் வேண்டும். ஏரி அதைத் தராது. 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு நடந்த ஆய்வு, ஆரணி–கொசஸ்தலைப் படுகையில் மணலுக்கடியில் நல்ல நீர் நிறைய இருப்பதைக் காட்டியது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறங்கின. குழாய்கள் ஆலைகளுக்கும் நகரத்துக்கும் நீண்டன.

கடலோர நிலத்தடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயரம் இருந்தால், அது கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை உப்புநீரை அண்டவிடாது. மேலே ஒரு மீட்டரை உறிஞ்சினால், கீழே அந்த 40 மீட்டரையும் கடல் கேட்கும். மீஞ்சூரில் அதுதான் நடந்தது. 1969இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்புநீர் எல்லை 1983இல் 7 கிலோமீட்டருக்கும், 1987இல் 9 கிலோமீட்டருக்கும் உள்ளே வந்துவிட்டது. அந்த 1987இல்தான் சென்னைப் பெருநகர நிலத்தடிநீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதற்குள் கிணற்று நீரில் பயிர் செய்ய முடியாத ஊர்கள் உண்டாகிவிட்டன. 2010இல் அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில், காட்டுப்பள்ளிக் கரையில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கடலை நிலத்துக்குள் வரவழைத்த நகரம், பிறகு பெரும் மின்சாரம் செலவழித்து அதே கடலின் உப்பைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

அந்த ஒரு மீட்டர் நன்னீரை மேலே நிறுத்திவைத்திருந்தவற்றில் ஏரிகளும் உண்டு. ஏரி நிரம்பிக் கிடக்கும் மாதங்களில் தரை வழியாக இறங்கும் நீர்தான் கிணற்றில் ஊறுகிறது. பாசனத்துக்குப் பயன்படாத ஏரி வீண் என்று கோப்பில் எழுதியவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஆலைகள் வந்தால் வேலையாட்கள் வருவார்கள். அவர்களுக்கு வீடு வேண்டும். அதில் தவறு காண எனக்கு மனமில்லை. பெருநகர வளர்ச்சிக் குழுமமான எம்.எம்.டி.ஏ. போட்ட மனைகள்தான் மாத்தூரை இன்றைய ஊராக்கின. 1996இல் அந்த அமைப்பு சி.எம்.டி.ஏ. என்று பெயர் மாறிய பிறகும், பேருந்திலும் ஆட்டோவிலும் இன்றுவரை 'மாத்தூர் எம்.எம்.டி.ஏ.'தான். கடன் வாங்கி, நகை அடகுவைத்து, முதன்முதலாகச் சொந்தச் சுவர் எழுப்பிய குடும்பங்களின் ஊர் அது. சிக்கல் வேறு இடத்தில். வயல் மனையானபோது, ஏரிக்குக் கீழே பாசன நிலம், அதாவது ஆயக்கட்டு, இல்லாமல் போயிற்று. ஆயக்கட்டு போனதும் மதகைத் திறக்க ஆள் தேவைப்படவில்லை. நீர்கட்டி வேலை மறைந்தது. வண்டல் எடுக்க வண்டி வரவில்லை. வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஏரி இருந்தது. ஏரியைக் கேட்பார் இல்லை.

கேட்பாரற்ற ஏரிக்கு வரத்து மட்டும் நிற்கவில்லை. மழைநீர் வந்த வாய்க்கால் வழியே சாக்கடை வந்தது. 2011இல் மாத்தூர் ஊராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டு மணலி மண்டலத்தில் சேர்ந்தது. இணைக்கப்பட்ட பகுதிகளில் வீடுகள் முதலில் வந்தன, பாதாளச் சாக்கடை வெகு தாமதமாகத்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரி. லாரிக்குக் காசில்லையென்றால் வாய்க்கால். இதில் தனி வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சாக்கடை பருவம் பார்ப்பதில்லை. சித்திரையிலும் வரும். விளைவு, காய வேண்டிய ஏரி காயாமல் போனது. கோடையிலும் தளும்பும் ஏரியைப் பார்த்து 'தண்ணீர் இருக்கிறதே' என்று மகிழ்பவர்களை நான் கண்டிருக்கிறேன். வடசென்னையில் சித்திரை மாதம் நிரம்பியிருக்கும் சிறிய ஏரி பெரும்பாலும் நோயுற்ற ஏரி.

அந்தத் தண்ணீரின் அடியில் நடப்பதைச் சொல்கிறேன். சாக்கடையிலும் சோப்புத்தூளிலும் இருக்கும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் பாசிக்கு உரம். பகலில் பாசி உயிர்க்காற்றை வெளியிடும். இரவில் அதுவே உயிர்க்காற்றை உறிஞ்சும். செத்த பாசி அடியில் படிந்து அழுக, அந்த அழுகலும் மிச்சத்தைத் தின்னும். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு நீரில் உயிர்க்காற்று மிகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் இப்படிப்பட்ட ஏரிக்கரைக்குப் போனால், மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம். அன்று மேகம் மூடியிருந்தால், அல்லது முதல் கோடைமழை தெருவழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு வந்தால், பொழுது விடியும்போது கரையோரம் வெள்ளை வயிறுகளாக ஒதுங்கிக் கிடக்கும். 'யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்' என்று பேச்சு எழும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். பல நேரம், ஊரே சேர்ந்து ஆண்டு முழுக்கக் கலந்ததுதான். சேற்றை ஒரு கம்பால் கிளறினால் குமிழி எழும்பும், கூமுட்டை நாற்றம் அடிக்கும். கரியாய்க் கறுத்து, விரலில் எண்ணெய்ப்பசையாக ஒட்டும். அந்தச் சேறு பாஸ்பரஸைச் சேர்த்துவைத்துக்கொண்டு, உயிர்க்காற்று இல்லாதபோதெல்லாம் மேலே விடுகிறது.

இங்கே ஸ்வீடன் நாட்டு ஏரி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெக்ஷோ என்ற ஊரில் ட்ரும்மன் என்று ஓர் ஏரி. பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர கிலோமீட்டர். ஆழம் சராசரியாக ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். நம் ஏரிகளைப் போலவே மேலோட்டமானது. ஊர்ச் சாக்கடையும் ஆலைக் கழிவும் பல்லாண்டு அதில் விழுந்தன. 1950களின் இறுதியில் சாக்கடையை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். ஏரி தெளியவில்லை. பத்தாண்டு காத்திருந்தும் பச்சைக்குழம்பாகவே கிடந்தது. லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்வென் பியோர்க் குழு ஆராய்ந்து, மேல்படிந்த கறுப்புச் சேறுதான் ஏரியை உள்ளிருந்தே மாசுபடுத்துகிறது என்று கண்டது. 1970, 1971 இரு கோடைகளிலும் ஆண்டுக்கு அரை மீட்டர் வீதம் சேற்றை உறிஞ்சி எடுத்துக் கரைத் தொட்டிகளில் வடித்தார்கள்; வடிந்த நீரைப் படிகாரச் சத்தால் தெளியவைத்த பிறகே ஏரிக்குள் விட்டார்கள். ஏரி மீண்டது. காய்ந்த சேறு தோட்டங்களுக்கு உரமாகப் போனது.

ஸ்வீடன்காரர்கள் ஆராய்ச்சியும் இயந்திரமும் கொண்டு செய்த அந்த வேலையை, செங்கல்பட்டுச் சீமையின் உழவர்கள் மண்வெட்டியும் மாட்டுவண்டியும் கொண்டு சித்திரை தோறும் செய்துவந்தார்கள். ஆனால் இன்று அதே முறைக்கு அப்படியே திரும்ப முடியாது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது மணலிக்குக் கிடைத்த எண் 76.32. எழுபதைத் தாண்டினாலே கடும் மாசுப் பகுதி. அந்தக் காற்றும் நீரும் அரை நூற்றாண்டாகப் படிந்த சேற்றை, அதில் ஈயமும் காட்மியமும் குரோமியமும் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வண்டல் என்று கீரைப் பாத்திக்குக் கொடுப்பது பெரும் தவறு. சோதித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்; கெட்டதைப் பாதுகாப்பாகப் புதைக்க வேண்டும். இதற்குச் செலவாகும். ஏரிச் சீரமைப்பு மதிப்பீடுகளில் இந்தச் செலவுக்குத்தான் முதலில் இடம் வேண்டும்.

இடம் கிடைப்பது வேறொன்றுக்கு. 2005இல் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007இல் ஏரிகளைக் காக்கச் சட்டம் வந்தது. 2017இல் குடிமராமத்து பெயரளவில் திரும்பியது. நகர ஏரிகள் என்று வரும்போது பணம் பெரும்பாலும் கரையில் செலவாகிறது: நடைபாதை, கம்பி வேலி, விளக்கு, பூங்கா, நடுவில் ஒரு தீவு. நடைபாதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. மாலையில் குழந்தையோடு நடக்க மாத்தூர் மக்களுக்கும் ஓர் இடம் வேண்டும். வேலியும் ஆக்கிரமிப்பைத் தடுக்கும். ஆனால் வரத்து வாய்க்காலில் சாக்கடை நிற்காதவரை, அழகான கரையால் சூழப்பட்ட சாக்கடைத் தேக்கமே மிஞ்சும். மூன்று மழை தாண்டினால் ஆகாயத்தாமரை மூடிவிடும், மறுபடி ஒப்பந்தம் விடுவார்கள்.

நம்பிக்கைக்கும் இந்தப் பகுதியிலேயே ஆதாரம் இருக்கிறது. 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் கொடுங்கையூரில், சாக்கடை நீரை எதிர்ச் சவ்வூடுபரவல் வரை சுத்திகரித்து மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் திறந்தது. திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். ஏரிக்குப் போக வேண்டாத நீரை ஆலைக்குத் திருப்பினால், ஆலை குடித்த நல்ல நீர் ஊருக்கு மிஞ்சுகிறது. மீஞ்சூர்க் கிணறுகள் இருந்த காலத்தில் இதைச் செய்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு உண்டு. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாயில் கொசஸ்தலைப் படுகையில் 769 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் அமைக்கும் திட்டமும் மணலி மண்டலத்தைத் தொடுகிறது. அந்த வடிகால்களில் மழைநீர் மட்டும் ஓட வேண்டும். வழியில் இருக்கும் ஏரிகளை அவை நிரப்பிவிட்டுப் போக வேண்டும். ஏரியைச் சுற்றிக்கொண்டு நேராகக் கடலுக்கு ஓடும் வடிகால், வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே குழாயில் கொண்டுவரும்.

மாத்தூரில் நான் கேட்பது இந்த வரிசையை: முதலில் வரத்து வாய்க்காலில் ஒவ்வொரு சாக்கடை இணைப்பையும் கண்டு துண்டிப்பது, அடுத்து சேற்றைச் சோதிப்பது, பிறகு ஏரியை ஒரு கோடை முழுக்க வடித்துக் காயவிட்டு மேல்சேற்றை எடுப்பது, நடைபாதை கடைசியில். அத்தோடு ஓர் ஆள். மதகையும் கலங்கலையும் வாய்க்காலையும் நாள்தோறும் சுற்றிப் பார்த்து, எப்போது திறப்பது, எப்போது அடைப்பது, எந்தச் சித்திரையில் காயவிடுவது என்று முடிவெடுக்கும் அதிகாரமும் மாதச் சம்பளமும் உள்ள நீர்கட்டி, மாநகராட்சியின் ஊழியராகவே. கோடிகளில் போடும் திட்டங்களில் இந்த ஒரு பணியிடத்துக்கு வழியில்லாமல் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய் மிதந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. அது சி.பி.சி.எல். வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. கூழைக்கடாக்களின் சிறகும் மீனவர்களின் வலையும் கறுத்தன. மேலே உள்ள ஊர்கள் தண்ணீரில் விடுவதெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் கரை அது. அடுத்த இதழில் உபரிநீர்க் கால்வாயோடு சடையங்குப்பம் வரை இறங்கி, அங்கிருந்து எண்ணூர்க் கழிமுகக் கரையிலுள்ள காட்டுக்குப்பத்துக்குப் போவோம்.